பின்னியதைப் பிரிக்கலாம், சாயம் ஏறினால் ஏறியதுதான்

மூணாறு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வானம் தெளிந்த இரவுகளில் செண்டுவரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் விடிகாலையில் புல் மேல் உறைபனி படிந்து கிடக்கும். இந்தத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து சில தலைமுறைகளுக்கு முன்பு மலையேறியவை. ஸ்வெட்டர், மஃப்ளர், மங்கி குல்லா எதுவும் இங்கே ஆடம்பரமில்லை. கொழுந்தெடுக்கப் போகும் நேரத்துக்கு அவை வேண்டும். கடைவீதியில் மலிவாகவும் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் ஒருவர் ஊசியும் நூலும் வாங்கி, ஒரு குல்லாவுக்காகப் பல மாலைகளைச் செலவிடுகிறார் என்றால் குளிரைத் தாண்டி அதில் வேறு ஏதோ கிடைக்கிறது.

பின்னுகிறவர்கள் அதை மன அமைதி என்கிறார்கள். 2013-இல் பிரிட்டனில் தொழில்வழிச் சிகிச்சைக்கான ஆய்விதழில் வெளியான ஒரு கருத்தாய்வில் 3,545 பேர் பதில் சொல்லியிருந்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்களிடம், பின்னும்போது மனம் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறது என்ற பதில் அதிகமாக வந்தது. அது இணையம் வழியாக, விருப்பப்பட்டவர்கள் தாமே முன்வந்து நிரப்பிய கருத்தாய்வு. பின்னல் ஒத்துவராமல் ஊசியைத் தூக்கிப் போட்டவர்கள் அதில் இருக்க வாய்ப்பு குறைவு. அதனால் அதை வைத்துக்கொண்டு பின்னலை மருந்தென்று சொல்லிவிட முடியாது. அமைதி எங்கிருந்து வருகிறது என்பதை வேலைக்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

நூல் வேலை என்று பொதுவாகச் சொன்னாலும் பின்னல், நூற்பு, சாயம் மூன்றும் மனிதரின் தவறை மூன்று விதமாக நடத்துகின்றன. பின்னலில் ஏறக்குறைய எந்தத் தவறையும் பிரித்துத் திருத்தலாம். நூற்பில் ஓர் எல்லை வரை திருத்தலாம். சாயத்தில் திரும்பிப் போக வழியே இல்லை. அடுத்த நிறத்துக்குத்தான் போகலாம். ஆறுதல் பின்னலில் அதிகம், கற்பனைக்கு வேலை சாயத்தில் அதிகம் என்று பலரும் உணர்வதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் எந்த மனநிலையில் எதைக் கையில் எடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

பின்னல்

பின்னலில் இருப்பது இரண்டே அசைவு. நூலைப் பின்னால் வைத்துக் கண்ணிக்குள், அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையத்துக்குள், ஊசியை விட்டு இழுத்தால் நிட், முன்னால் வைத்து இழுத்தால் பர்ல். கயிறு முறுக்கியது போன்ற கேபிள், வரிவரியான ரிப், பூவேலை எல்லாமே இந்த இரண்டின் மேல் கட்டியவை. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் போனை எடுக்க முடியாது. எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருப்பதால் கவலை முழு நீளத்துக்கு ஓட இடம் கிடைக்காது. ஆனால் எண்ணிக்கை ரொம்பக் கடினமாக இருந்தால் அதுவே கவலையாகிவிடும். மனம் கலங்கிய நாளில் கேபிள் போட உட்காராமல், நேர் வரிசை மட்டும் வரும் மஃப்ளரை எடுப்பது நல்லது.

ஊசி வாங்கும்போது குழப்பம் வரும். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்முறை இன்னும் இருக்கிறது. எண் கூடக்கூட ஊசி மெலியும். 8-ஆம் எண் 4 மி.மீ., 10-ஆம் எண் 3.25 மி.மீ., 12-ஆம் எண் 2.75 மி.மீ. யூடியூப் பார்த்து '8 வேண்டும்' என்று கேட்பவர் அமெரிக்க 8-ஐ, அதாவது 5 மி.மீ. ஊசியை நினைத்திருப்பார்; கையில் வருவது 4 மி.மீ. எண்ணை விட்டு மில்லிமீட்டர் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு.

புதிதாகப் பின்னுகிறவர்களின் ஸ்வெட்டர் பெரும்பாலும் ஓர் இடத்தில்தான் கெடுகிறது: மாதிரித் துண்டு பின்னிப் பார்க்காமல் தொடங்குவது. நடுத்தரக் கனமுள்ள நூலை, 100 கிராமுக்கு 220 முதல் 240 மீட்டர் வரும் நூலை, 4 மி.மீ. ஊசியில் பின்னினால் 10 செ.மீ.க்கு ஏறக்குறைய 22 கண்ணி வரும். ஒருவர் கை தளர்வாக இருந்து 20 வந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 200 கண்ணி ஏற்றிய உடம்புப் பகுதியின் சுற்றளவு 22 கணக்கில் 91 செ.மீ.; 20 கணக்கில் 100 செ.மீ. ஒன்பது சென்டிமீட்டர் என்பது தங்கைக்குப் பின்னியது அக்காவுக்குப் போவதற்குப் போதும். 15 செ.மீ. சதுரமாகப் பின்னி, நனைத்து, காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளக்க வேண்டும். ஓரக் கண்ணிகள் எப்போதும் பொய் சொல்லும். அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பெரியவர் தலைக்கு ஒரு குல்லா எப்படிக் கணக்காகிறது என்று பார்க்கலாம். தலைச் சுற்றளவு 55 செ.மீ. என்றால் குல்லா 50 இருக்க வேண்டும், அப்போதுதான் பிடித்து நிற்கும். 22 கணக்கில் 110 கண்ணி. ஓரத்தில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப் போட நான்கால் வகுபட வேண்டும், ஆக 112. ரிப் மட்டும் 10-ஆம் எண்ணில் 6 செ.மீ.; பிறகு 8-ஆம் எண் ரவுண்டு ஊசிக்கு (இரண்டு குட்டை ஊசிகளை வளையும் கம்பி இணைப்பது) மாற்றி, தொடக்கத்திலிருந்து 14 செ.மீ. வரும்வரை நேராக. அடுத்து 112-ஐ எட்டுப் பகுதியாக்கினால் பகுதிக்கு 14. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கண்ணி குறைத்தால் பதின்மூன்று குறைப்பில் எட்டுக் கண்ணி மிஞ்சும். உச்சியில் கண்ணி குறையக் குறைய ரவுண்டு ஊசியில் சுற்று எட்டாது. அங்கே இரண்டு முனையும் கூரான குட்டை ஊசிகளுக்கு மாற வேண்டும். கடைசி எட்டில் நூலைக் கோத்து இறுக்கினால் முடிந்தது. நேர் ஊசியில் பின்னினால் மூட்டுத் தையலுக்கு இரண்டு கண்ணி கூட ஏற்ற வேண்டும். மொத்தம் 80 கிராம் அளவுக்கு நூல் பிடிக்கும்.

இனித் தவறுக்கு வருவோம். ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் அது கீழே கீழே இறங்கி, துணியில் ஏணி போல ஒரு கோடு விழும். புதியவர்கள் பதறி இழுப்பார்கள். இழுக்கக் கூடாது. நழுவிய கண்ணிக்கு மேலே குறுக்காக ஓடும் நூல்கள் ஒவ்வொன்றும் ஒரு வரிசை. நிட் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கும்படி வைத்து, கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் முன்னாலிருந்து விட்டு, மிகக் கீழே இருக்கும் குறுக்கு நூலைப் பிடித்துக் கண்ணி வழியாக இழுத்தால் அந்த வரிசை மீண்டது. அடுத்த குறுக்கு நூல், அடுத்தது என்று மேலே ஏறி ஊசியில் மாட்டிவிடலாம். ஒரு குறுக்கு நூலை விட்டுவிட்டு மேலே போனால் பின்பக்கம் நீளமாக ஒரு நூல் தொங்கும்; அது விரலில் மாட்டியே தீரும். ஊசியில் மாட்டும்போது கண்ணியின் வலது கால் முன்னால் இருக்க வேண்டும். இடது கால் முன்னால் வந்தால் கண்ணி முறுகி, அந்த இடம் மட்டும் இறுகித் தெரியும். மீட்ட கோடு முதலில் கொஞ்சம் தளர்ந்தும் இறுகியும் இருக்கும். ஒரு தடவை நனைத்துக் காயவைத்தால் பக்கத்துக் கண்ணிகளோடு நூல் பகிர்ந்துகொண்டு சமமாகும். கண்ணெதிரில் சிதைந்த ஒன்றைக் கண்ணெதிரிலேயே கட்டி எழுப்ப முடிகிறது. நாள் முழுக்கத் தன் கையில் இல்லாத காரியங்களுக்கு நடுவே வாழ்கிற ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

கடினமான வேலைப்பாட்டில், பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை மெல்லிய பருத்தி நூலை ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டி வைத்துவிடுங்கள். பிறகு பிரிக்க நேர்ந்தால் அந்த நூலோடு பிரிப்பு நின்றுவிடும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அப்படியே பின்னினால் கண்ணிகள் சீரற்று விழும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, நனைத்துக் காயவைத்து எடுக்க வேண்டும். பின்னலிலும் மீளாத தவறு இரண்டு உண்டு. ஒன்று, தவறான இடத்தில் கத்தரிப்பது. மற்றது, கம்பளியைச் சுடுதண்ணீரில் கசக்கித் துவைப்பது. அதன் காரணம் சாயப் பகுதியில் வருகிறது.

கொழுந்தெடுக்கும் கைகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. மணிக்கட்டும் தோளும் பகலிலேயே களைத்திருக்கும். நீண்ட நேர் ஊசிகள் துணியின் பாரம் முழுவதையும் மணிக்கட்டில் ஏற்றும். ரவுண்டு ஊசியில் பாரம் மடியில் கிடக்கும். இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கையை விரித்து மடக்கிவிட்டுத் தொடர வேண்டும். கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கினால் அன்றைக்கு ஊசியை வைத்துவிடுவதுதான் சரி.

நூற்பு

கேரள எல்லையோரத்தில் நூல் என்றால் பெரும்பாலும் பருத்தி, அதிலும் நெசவு. தமிழ்நாட்டிலிருந்து நெசவாளர்களான சாலியர்களை அழைத்துவந்து திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா குடியமர்த்திய பாலராமபுரம் அதற்குப் பெரிய சான்று. கம்பளிக்கு மேற்கே பார்க்காமல் வடக்கே நீலகிரியைப் பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் நாட்டு ஆடுகளோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் வகைகள் கலந்து உருவான நீலகிரி ஆடு, தென்னிந்தியாவில் உடைக்கேற்ற மென்மையான ரோமம் தருவது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பேணுகிறார்கள். சமவெளி ஆடுகளின் ரோமம் பெரும்பாலும் முரடு. கம்பளத்துக்கும் தரைவிரிப்புக்கும் ஆகும், கழுத்தில் சுற்ற ஆகாது.

வெட்டிய ரோமத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் சேர்ந்து எடையில் கால் பங்கிலிருந்து பாதி வரை இருக்கலாம். ஒரு கிலோ வாங்கினால் ஒரு கிலோ நூல் வராது என்று முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும். 60 டிகிரித் தண்ணீரில் சோப்புத் திரவம் கலந்து, ரோமத்தை மெல்ல அமிழ்த்தி அரை மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். தண்ணீர் ஆறிவிட்டால் கரைந்த பிசுக்கு மறுபடி ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். மூணாறுக் குளிரில் இது சீக்கிரம் நடக்கிறது. பாத்திரத்தைக் கனத்த துணியால் சுற்றி மூடி வையுங்கள். கழுவிச் சீவிய ரோமம் 'டாப்ஸ்' என்ற பெயரில் விலைக்கும் வருகிறது; தொடங்குகிறவர் அதை வாங்குவதே மேல்.

நூற்கும் கைக்கதிரில் பருத்திக்குத் தக்ளி, கம்பளிக்கு அதைவிடக் கனமான தொங்குகதிர். பருத்தி இழை இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான். அது கழன்று போகாமலிருக்க நிறைய முறுக்கு வேண்டும், அதனால்தான் தக்ளி சின்னதாக, வேகமாகச் சுழலும்படி இருக்கிறது. கம்பளி இழை ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும், குறைந்த முறுக்கிலேயே பிடித்துக்கொள்ளும். 30 கிராம் கதிர் நடுத்தர நூலுக்குச் சரி. கதிர் கனமாக இருந்தால் மெல்லிய நூல் அறுந்து விழும். ரொம்ப லேசாக இருந்தால் சுழற்சி சீக்கிரம் நின்று எதிர்ப்பக்கம் திரும்பும், போட்ட முறுக்கு அவிழும்.

நூற்பின் உயிர் இரண்டு கைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் இருக்கிறது. இழையின் நீளம் எட்டு சென்டிமீட்டர் என்றால் கைகள் ஏறத்தாழ அந்த அளவுக்கு விலகியிருக்க வேண்டும். நெருக்கமாகப் பிடித்தால் ஒரே இழையின் இரண்டு முனையையும் நீங்களே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எவ்வளவு இழுத்தாலும் நகராது. 'என் கைக்கு இது வரவில்லை' என்று விட்டுவிடுகிற பலரின் பிரச்சினை இதுதான். கீழ்க்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முறுக்கை வாசலில் நிறுத்தி வைக்கின்றன. மேல்கை பஞ்சை மெல்லப் பின்னிழுக்க, இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி மெலிகின்றன. சரியான கனம் வந்ததும் கீழ்விரல்களைத் தளர்த்தி மேலே நகர்த்தினால் முறுக்கு ஓடிவந்து பூட்டிவிடும். முறுக்கு வாசலைத் தாண்டிப் பஞ்சுக்குள் புகுந்துவிட்டால் அதற்கு மேல் இழுக்க வராது. நின்று, எதிர்ப்பக்கம் நாலு சுற்று அவிழ்த்து, மறுபடி தொடங்க வேண்டும்.

அறுந்தால் முடிச்சுப் போடக் கூடாது. அறுந்த முனையில் ஐந்தாறு சென்டிமீட்டர் முறுக்கை அவிழ்த்துப் பஞ்சாக்கி, அதன் மேல் புதுப் பஞ்சைப் படியவிட்டு முறுக்கினால் ஒட்டிக்கொள்ளும். முடிச்சுப் போட்டால் அது பின்னலில் நேராக நெஞ்சுக்கு நடுவே வந்து நிற்கும். தடித்த இடம் விழுந்தால் அதன் இரு பக்கமும் பிடித்து எதிர்ப்பக்கம் அவிழ்த்து மெல்ல இழுத்தால் மெலியும். முறுக்குப் போதுமா என்று பார்க்க, நூலை ஒரு சாண் தளர்த்தித் தன் மேலேயே மடியவிடுங்கள். சீராகச் சுற்றிக்கொண்டு தொங்கினால் முறுக்குச் சரி; இரண்டு இழை சேர்த்து முறுக்கிய இரட்டைப் புரி அப்படித்தான் இருக்கும். சுற்றாமல் தொங்கினால் முறுக்குப் போதாது. குட்டிக் குட்டிக் கொக்கிகளாக எழும்பினால் முறுக்கு மிஞ்சிவிட்டது.

வலச்சுற்றாக நூற்ற இரண்டு ஒற்றைப் புரிகளைச் சேர்த்து இடச்சுற்றாக முறுக்குவதுதான் இரட்டைப் புரி. இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று தாங்கி அடங்குகின்றன. இந்தப் படியைத் தவிர்த்து ஒற்றைப் புரியிலேயே பின்னினால், அடங்காத முறுக்கு துணியையே ஒரு பக்கம் சாய்க்கும். சதுரமாகப் பின்னியது சாய்சதுரமாக வரும். எந்த இஸ்திரியும் அதை நிமிர்த்தாது. புரியேற்றி, நனைத்துக் காய்ந்த பிறகு நூலின் தவறைத் திருத்துவது நடைமுறையில் ஆகாது. இந்தச் சிட்டம் (சுற்றிக் கட்டிய நூல் கற்றை) இனி இப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ற பொருளைத் தேட வேண்டியதுதான். மேடு பள்ளமான முதல் நூல் கேபிளுக்கு வராது. ஆனால் நேர் வரிசை மஃப்ளரில் மிக அழகாக விழும்.

சாயம்

சாயப் பாத்திரம் அடுப்பேறுவதற்கு முன் நூல் எதனால் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும். கடைகளில் 'உல்லன்' என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். பின்னிப் பழக அது நல்ல நூல்தான், விலையும் குறைவு. ஆனால் இலையும் வேரும் அதில் பிடிக்காது. ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகிய நாற்றத்தோடு தானே அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும்.

கம்பளி இழையின் மேல் மீன் செதிலைவிட நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் சோப்பும் அவற்றை விரிக்கும். அந்த நிலையில் கசக்கினாலோ சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் போட்டாலோ ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சுருங்கிக் கட்டியாகும். ஆகவே கம்பளிச் சாயத்தின் முதல் விதி பொறுமையாகச் சூடேற்றி, பொறுமையாக ஆறவிடுவது. ஜனவரியில் மூணாறுக் குழாய்த் தண்ணீர் விரலை விறைக்க வைக்கும். சாயப் பாத்திரத்திலிருந்து எடுத்து நேராக அதில் அலசினால் ஒரு சிட்டம் போயிற்று. பாத்திரத்திலேயே இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

உயரம் இன்னொரு கணக்கையும் மாற்றுகிறது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். மூணாறில் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடுகிறது. கம்பளிக்கு வேண்டியது 80. சமவெளியில் 80-க்கும் கொதிநிலைக்கும் இடைவெளி இருபது டிகிரி. இங்கே பதினைந்துதான், கண் அசந்தால் தாண்டிவிடும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், பாத்திர ஓரத்தில் பொடிக் குமிழ் ஒட்டி ஆவி எழும்பும் நிலையிலேயே தீயைக் குறைத்துவிட வேண்டும். மறுபுறம், யூக்கலிப்டஸ் இலை, மரப்பட்டை போன்றவற்றிலிருந்து சாறு இறக்க இங்கே சமவெளியைவிடக் கூடுதல் நேரம் கொதிக்க வேண்டியிருக்கும்.

100 கிராம் கம்பளி நூலை எடுத்துக்கொள்வோம். எடை எப்போதும் காய்ந்த நூலின் எடை. சிட்டத்தை நான்கு இடத்தில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, ஒரு மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் கட்டுக்கு அடியில் வெள்ளை வளையம் விழும். காய்ந்த நூலை அப்படியே போட்டால் திட்டுத் திட்டாக வரும். 12 கிராம் படிகாரத்தையும், பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் க்ரீம் ஆஃப் டார்ட்டர் 5 கிராமையும் தனியே சுடுதண்ணீரில் முழுக்கக் கரைத்து 4 லிட்டர் தண்ணீரில் ஊற்றி, ஊறிய நூலை இறக்கவும். முக்கால் மணி நேரத்தில் மெல்ல 80-க்கு ஏற்றி, அதே சூட்டில் இன்னொரு முக்கால் மணி. ஆறும்வரை உள்ளேயே. படிகாரம் இழைக்கும் சாயத்துக்கும் நடுவில் பாலமாக நிற்கிறது. அதில்லாமல் ஏற்றிய பல நிறங்கள் இரண்டு அலசலில் போய்விடும். படிகாரத்தை அள்ளிப் போட்டால் நிறம் கூடாது, கம்பளி பிசுபிசுக்கும்.

சாயத்துக்குக் காய்ந்த செண்டுமல்லி 100 கிராம். பூசை முடிந்த மாலைகளை நிழலில் காயவைத்தாலே சேர்ந்துவிடும். முக்கால் மணி கொதிக்கவைத்து வடிகட்டி, வெதுவெதுப்புக்கு ஆறிய பிறகு நூலை இறக்கி, முன்பு போலவே ஏற்றி இறக்கவும். பளிச்சென்ற மஞ்சள் வரும். ஒரு கிராம் அன்னபேதியை, அதாவது இரும்பு உப்பை, தனியே கரைத்து, நூலை வெளியே எடுத்துவிட்டுச் சாயத்தில் கலந்து, மறுபடி ஐந்து முதல் பத்து நிமிடம் நூலை இறக்கினால் மஞ்சள் பாசிப் பச்சையாகிவிடும். கண் முன்னால் நடக்கும் இந்த மாற்றம் எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு குறையாது. ஆனால் இரும்பு கம்பளியை மொறமொறப்பாக்கும். 100 கிராமுக்கு இரண்டு கிராமைத் தாண்டக் கூடாது.

மலை தருகிற மற்றவற்றையும் பார்ப்போம். டீ வடிகட்டிய சக்கை பழுப்பு தரும், இரும்பு பட்டால் சாம்பல் கலந்த பழுப்பு. தேயிலையிலேயே துவர்ப்பு இருப்பதால் படிகாரம் இல்லாமலும் ஓரளவு நிற்கும். வட்டவடைப் பக்கம் 'கிராண்டிஸ்' என்று சொல்லும் யூக்கலிப்டஸின் இலை, நூலின் எடையைப் போல மூன்று மடங்கு போட்டு இரண்டு மணி கொதிக்கவைத்தால் மஞ்சளிலிருந்து காக்கி வரை தரும். யூக்கலிப்டஸில் வகை மாறினால் நிறமும் மாறும். மூணாறிலேயே ஸ்ருஷ்டி அறக்கட்டளையின் அரண்யா நேச்சுரல் கூடத்தில், மாற்றுத்திறனாளிகளான தோட்டத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகள் இயற்கைச் சாயத்தில் துணி தோய்க்கிறார்கள். மலையில் கிடைக்கும் இலையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்று அங்கே பார்க்கலாம். வெட்டிப் போட்ட வாட்டில் மரத்தின் பட்டை செம்பழுப்பு தரும். நிற்கிற மரத்தில் உரிக்கக் கூடாது. இரவிகுளம் தேசியப் பூங்காவிலோ மறையூர்ச் சந்தனக் காட்டிலோ ஓர் இலையும் பறிக்கக் கூடாது. உடுமலை சந்தையிலிருந்து வரும் வெங்காயத்தின் சருகு நூலின் எடைக்குச் சமமாகப் போட்டால் தங்க ஆரஞ்சு.

சிவப்புக்கு மஞ்சிட்டி. வேரை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி இடித்து, 100 கிராம் நூலுக்கு 60 முதல் 100 கிராம் வரை துணி மூட்டையில் கட்டிப் போட வேண்டும். பொடி நூலில் ஒட்டினால் காய்ந்த பிறகும் கையில் சிவப்பு ஒட்டும். சூடு 70 டிகிரியைத் தாண்டவே கூடாது. தாண்டினால் வேரிலுள்ள பழுப்பு நிறங்களும் இறங்கிச் சிவப்பு மங்கிவிடும். தண்ணீரும் இங்கே பேசும். சமவெளியின் போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் சிவப்பு தானாகவே அழுத்தமாக விழும். மலை ஓடைத் தண்ணீர் மென்மையானது, அதில் ஆரஞ்சுப் பக்கம் சாயும். 2 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் சேர்த்தால் சரியாகும். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், அதன் காரம் கம்பளியை அரித்துவிடும். உடுமலையில் வந்த சிவப்பு மூணாறில் வரவில்லை என்றால் வேரைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

பருத்தி நூல் வேறு வழி கேட்கும். படிகாரம் அதில் நேராகப் பிடிக்காது. சலவைச் சோடாவில் கொதிக்கவைத்து மெழுகு நீக்கி, 100 கிராமுக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள் ஊறிய தண்ணீரில் இரவு முழுக்க வைத்து, பிறகுதான் படிகாரம். கடுக்காய் ஏறிய பருத்தியில் இரும்புத் தண்ணீர் பட்டால் கறுப்பு. ஆந்திர எல்லையில் காளஹஸ்திக் கலம்காரிக் கறுப்பின் அடிப்படை இதுதான்: துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரும் இரண்டு மூன்று வாரம் புளிக்கிறது. நமக்கு மறையூர் வெல்லம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கை துருப்பிடித்த ஆணி, 100 கிராம் வெல்லம். மூடியை இறுக்கக் கூடாது, வாயு சேர்ந்து ஜாடி வெடிக்கும்.

மஞ்சள் தூள், பீட்ரூட், செம்பருத்தி மூன்றும் புதியவர்களை ஏமாற்றும். பாத்திரத்தில் மின்னும், வெயிலில் ஓடிவிடும். எந்த நிறத்தையும் நம்புவதற்கு முன் ஓர் அட்டையில் நூலைச் சுற்றி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வெயில் விழும் சன்னலில் இரண்டு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும்.

நிறம் திட்டாக விழுந்துவிட்டால்? பின்னலைப் போலப் பிரிக்க முடியாது. மேலே இன்னொரு நிறம் ஏற்றலாம். மங்கிய மஞ்சளின் மேல் நீலம் தரும் அவுரி ஏற்றினால் பச்சை. சலித்துப்போன பழுப்பின் மேல் இரும்பு பட்டால் சாம்பல். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் பாதை. அதனால் எப்போதும் முதலில் வெளிறிய நிறமாகவே ஏற்றிவைப்பது புத்திசாலித்தனம். சாயத்தில் தேர்ந்தவர்களின் நல்ல நிறங்கள் பல இப்படி ஒரு தவறின் மேல் ஏறியவைதான். திரும்ப முடியாது என்ற கட்டாயமே கற்பனையை முன்னால் தள்ளுகிறது. மனம் கலங்கியிருக்கும்போது இது ஆறுதல் தராது. தெளிவாக இருக்கும் நாளில் இதற்கு இணையான மகிழ்ச்சி இல்லை.

சாயப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. படிகாரத் தூளை அள்ளும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மயில்துத்தத்தைத் தொடவே வேண்டாம்; பழைய குறிப்புகளில் இருந்தாலும் அது நஞ்சு. மிஞ்சிய தண்ணீரை ஓடையில் கொட்டக் கூடாது. படிகாரத் தண்ணீரை நன்றாக நீர்த்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லய வீட்டு வாசலில் நிற்கும் ஹைட்ரேஞ்சியாவுக்குக் கொஞ்சம் ஊற்றலாம். அமில மண்ணில் அலுமினியம் கிடைத்தால் அதன் பூ நீலமாகும். சாயம் ஏற்றச் சரியான காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன் மழையில் கம்பளி காயவே காயாது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வைத்துக்கொண்டும் அது ஈரமாகத் தெரியாது, பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றையும் ஒருசேரத் தொடங்க வேண்டாம். முதலில் கடை நூலில் பின்னல், கை பழகியதும் வெள்ளைக் கம்பளி வாங்கிச் சாயம், நூற்பு கடைசியில். ஒரு ஸ்வெட்டருக்கு 500 கிராம் வேண்டும் என்றால் 550 கிராமாக ஒரே நாளில், ஒரே தண்ணீரில் சாயமேற்றுங்கள். பாத்திரம் போதாமல் இரண்டு தடவையாக ஏற்றினால் இரண்டும் ஒரே நிறமாக வராது. அப்படி வந்துவிட்டால் ஒரு சிட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கக் கூடாது, மார்பின் குறுக்கே கோடு தெரியும். இரண்டு சிட்டங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு துணி முழுக்கப் பரவி, தேடினாலும் கண்ணில் படாது.